லட்டுவுக்கு ஒரு வாய்

— கையை எடுங்க! அந்தப் பொங்கலைக் குதிரை வாய்கிட்ட கொண்டு போகாதீங்க. ஜெயப்ரியா, உங்களைத்தான்! தட்டைக் கீழ வைங்க!

— வெச்சிட்டேன் டாக்டரம்மா.

— கீழ வெச்சா கழுத்தை நீட்டித் தின்னாதா? மதில் மேல வைங்க. கயித்தைத் தளர்த்துங்க, கழுத்தை இறுக்குது. எப்பலேர்ந்து இப்படிப் படுத்துக் கெடக்குது?

— நேத்து சாயந்திரம். எழுப்பி நிறுத்தினா பின்கால்ல சாஞ்சுக்குது. முன்காலை ஊனவே மாட்டேங்குது. அதான் மாட்டாஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணேன். பழைய டாக்டர் எடுப்பாருன்னு நெனச்சேன்.

— அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. நான் எஸ்தர். இந்த வாரந்தான் சேந்தேன். இந்தக் குளம்பைத் தொட்டுப் பாருங்க.

— சுடுது.

— டீ கிளாஸ் மாதிரி சுடுது. இப்ப அதுக்கு மேல, இங்க விரலை வைங்க. துடிக்குதா?

— துடிக்குது.

— அங்க அவ்ளோ துடிக்கவே கூடாது. குளம்புக்குள்ள வீங்கியிருக்குது. இன்னும் வீங்கினா உள்ள இருக்கிற எலும்பு பிடி விட்டுடும், அடிக்குளம்பைக் குத்திக்கிட்டு வெளிய வரும். அப்புறம் நான் ஒரே ஒரு ஊசிதான் போட முடியும். அதுக்கப்புறம் அது எழுந்திருக்காது. புரியுதா?

— புரியுது.

— புரியுதுங்கறீங்க, முகத்துல ஒண்ணும் தெரியலையே!

— எம் முகம் இப்ப அவ்ளோதான். என்ன பண்ணணும் சொல்லுங்க.

— ஐஸ் வேணும். நிறைய. நாலு காலையும் ஐஸ் தண்ணியில நிறுத்தணும். நான் அதுக்குள்ள வலிக்கு ஊசி போடறேன். தலையைப் புடிச்சுக்கோங்க. கடிக்குமா?

— கடிக்காது. ஹலோ, முனிரத்தினண்ணே? ஜெயப்ரியா பேசறேன். ஆமா, முனீஸ்வரன் கோயில்லேர்ந்துதான். கடையில ஐஸ் இருக்குதா? ரெண்டு பொட்டி. லட்டுவுக்கு. கால்ல. ம். வைக்கிறேன்... ஆட்டோவுல போட்டு அனுப்பறாராம்.

— யாரு, ஐஸ் கம்பெனியா?

— மீன் கடை.

— கோயிலுக்குள்ள மீன் ஐஸா? யாரும் சண்டைக்கு வர மாட்டாங்களே? நான் எஸ்தர் வேற. நாளைக்கே என் பேரை இழுத்து விடுவாங்க.

— முனீஸ்வரன் கருவாடே சாப்பிடும் டாக்டரம்மா. ஐஸுக்கு ஒண்ணும் சொல்லாது.

— அப்பாடா, ஒரு வார்த்தை கூடுதலா பேசிட்டீங்க. ஊசி போட்டாச்சு. கழுத்தை விடுங்க. இப்ப நான் கேக்கறதுக்கு ஒண்ணு விடாம பதில் சொல்லணும். நேத்து இது என்னென்ன தின்னுச்சு?

— பொங்கல். வாழைப்பழம். தேங்கா சில்லு. அரிசி வெல்லம்.

— எவ்ளோ?

— அளவு தெரியாது. வர்றவங்க ஒரு வாய் ஒரு வாயா குடுப்பாங்க.

— எத்தினி பேர் வருவாங்க?

— இந்தப் பக்கம் போற எல்லாரும். வெள்ளிக்கிழமைன்னா மாகறல்லேர்ந்துகூட வருவாங்க.

— கர்த்தரே! இது என் இடுப்பு ஒசரங்கூட இல்ல. இத்தினியூண்டு உடம்பு. ஊர்ல எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினா யானைக்கே சுகர் வந்துடும். குளம்பு வீங்கினதே அதனாலதான். ராத்திரி என்ன குடுத்தீங்க?

— ஒண்ணும் குடுக்கல. வயிறு காயட்டும்னு பட்டினி போட்டேன். வீட்ல பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்லன்னா அப்படித்தானே பண்ணுவோம்.

— அதுவும் தப்பு! கேளுங்க, நல்லா கேளுங்க. குட்டை ஜாதிக் குதிரையை, அதுவும் இப்படிப் பெருத்ததை, அதுவும் பால் குடுக்கறதை, ஒரே அடியா பட்டினி போடக் கூடாது. உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு ரத்தத்துல எறங்கிடும். ரத்தம் பால் கலந்த மாதிரி ஆயிடும். ஈரல் நின்னுடும். குளம்பு கொல்றதுக்கு முன்னாடி பட்டினி கொன்னுடும்.

— அப்ப குடுத்தாலும் சாவும், குடுக்கலன்னாலும் சாவும்.

— எதைக் குடுக்கறோம்ங்கறதுலதான் இருக்குது. காஞ்ச புல்லு. அவ்ளோதான். அறுகம்புல்லு கெடைக்குமில்ல?

— பிள்ளையாருக்குப் போடற அறுகம்புல்லா?

— அதேதான். நிழல்ல காய வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா. அதோட வாய் சும்மா இருக்கக் கூடாது, ஆனா இனிப்பு ஒரு துளி போகக் கூடாது. வைக்கோல் வேணாம், குடல்ல கட்டிக்கும். காலு சரியாகிற வரைக்கும் கொள்ளுகூட வேணாம். தாது உப்பு மட்டும் நான் தரேன்.

— சரி.

— குட்டி எங்க?

— அதோ, சூலத்துக்குப் பின்னாடி. பூந்தின்னு பேரு. பொறந்து ஒன்றரை மாசம் ஆவுது. டாக்டரம்மா, அது அம்மாவோட சாணியைத் தின்னுது. தினம் வாயைக் கழுவி விடறேன். மறுபடி தின்னுது.

— கழுவாதீங்க, தின்னட்டும். புல்லைச் செரிக்க வைக்கிற கிருமி அதோட வயித்துல இன்னும் இல்ல. அம்மாகிட்டேர்ந்து அப்படித்தான் எடுத்துக்கும். எல்லாக் குட்டியும் பண்றதுதான்.

— ஓ. நான் அதுக்கு ஒண்ணு அடிச்சிட்டேன் அன்னைக்கு.

— அது மறந்திருக்கும். இதுக்கு இப்போதைக்குப் பால்தான் சாப்பாடு. அம்மா பக்கத்துல நின்னு புல்லைக் கொறிக்கக் கத்துக்கும். பால் மறக்கிற வயசுல குதிரை மசால்ங்கற தீவனத் தழை கொஞ்சம் சேக்கணும், எலும்புக்கு. அப்பவும் கொழுக்க விடக் கூடாது, காலு வளைஞ்சிடும். ஆனா அதெல்லாம் அம்மா இருந்தாத்தான். இது போச்சுன்னா, ராத்திரி பகலா நீங்க பாட்டிலோட உக்காந்துக்கினு இருக்கணும். எத்தினி குட்டி அப்படிப் பொழைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.

— பாட்டிலோட உக்காரறது எனக்குப் பழக்கந்தான்.

— என்னது?

— ஒண்ணுமில்ல. அந்தக் கெழட்டுக் குதிரை, பெரியவனையும் பாத்துடுங்க. அவன் புல்லைத் தின்னறான், தின்னுட்டு உருட்டி உருட்டித் துப்பறான்.

— வாடா, வாயைக் காட்டு. ஹா, பல்லு எங்கடா? தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு. இவனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். இவனுக்கு என்ன ஊட்டறீங்க? மெல்ல முடியாதே.

— கஞ்சி. தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சியில மிச்சத்தை எங்க ஊரு சங்கரி வாளியில கொண்டாந்து ஊத்துவா. பட்டுத்தறிக்காரங்க வீடு, கஞ்சிக்குப் பஞ்சமில்ல.

— நூலு வெறைப்பா நிக்கப் போடற கஞ்சியையா? ஏங்க, இவனென்ன பொடவையா?

— பல்லு இல்லாதவனுக்குக் கஞ்சிதானே குடுப்பாங்கன்னு அவ சொன்னா. எனக்கும் சரின்னு பட்டுது.

— அது வெறும் மாவு. வயிறு ரொம்பும், உடம்புல ஒட்டாது. பாருங்க, வயிறு தொப்பை, முதுகெலும்பு துருத்திக்கினு நிக்குது. இவனுக்குப் புல்லைப் பொடிப்பொடியா நறுக்கி, வெந்நீர்ல ஊற வெச்சு, கொழகொழன்னு ஆக்கிக் குடுக்கணும். ஊற வெச்ச குதிரை மசால், ஒரு கை வேக வெச்ச கொள்ளு, கொஞ்சம் எண்ணெய். இவன் சதை போடணும், அது இளைக்கணும், குட்டி வளரணும். மூணுக்கும் ஒரே தட்டுல வெச்சீங்கன்னா மூணும் போயிடும். யாரு இவங்களை இங்க கொண்டாந்தது?

— எங்க வீட்டுக்காரர். கலைவாணன். கடற்கரை ரிசார்ட் ஒண்ணு மூடினாங்க, அங்கேர்ந்து. லட்டு மட்டுந்தான் கேட்டோம். தனியா இருந்தா தின்னாதுன்னு பெரியவனையும் ஏத்தி விட்டாங்க. வயித்துல குட்டி இருந்தது அவங்களுக்கே தெரியாது.

— எதுக்குங்க கோயிலுக்குக் குதிரை? மண்ணுக் குதிரை வாசல்ல வரிசையா நிக்குதே, பத்தாதா?

— வேண்டுதல். எங்க யுவனுக்கு ரத்தத்துல வியாதி. அஞ்சு வயசு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இருந்தான். எல்லாரும் மண்ணுக் குதிரை செஞ்சு வைப்பாங்க. நான் உயிரோட குதிரை விடறேன், எம் பிள்ளை உயிரை விட்டு வைன்னு வேண்டிக்கிட்டேன்.

— வேண்டுதல் பலிச்சுதா?

— குதிரை விட்டோம். மேளம் வெச்சு, மாலை போட்டு. அப்ப அவன் எழுந்து உக்காந்து இட்லி சாப்பிட ஆரம்பிச்சிருந்தான். வீடியோவுல பாத்து லட்டுன்னு அவன்தான் பேரு வெச்சான்.

— இப்ப எங்க இருக்கான்?

— பெங்களூர்ல. எங்க அக்கா வீட்ல. இங்க தூசி சேராதுன்னு.

— குட்டியைப் பாத்தானா? ஐஸ் வர்றதுக்குள்ள ஒரு வீடியோ கால் போடுங்க, பையனுக்குக் காட்டலாம். எனக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

— அங்க டவர் இல்ல.

— பெங்களூர்லயா?

— அந்த வீட்டுக்குள்ள. டாக்டரம்மா, அறுகம்புல்லை எத்தினி வேளை குடுக்கணும்?

— வேளையே கெடையாது. கொஞ்சங் கொஞ்சமா, எப்பவும். ஆனா புல்லு பெரிய விஷயமில்ல, ஜெயப்ரியா. ஜனங்களை நிறுத்தணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெளிய போர்டு வைங்க.

— யாரும் படிக்க மாட்டாங்க.

— பூட்டுப் போடுங்க.

— கோயிலைப் பூட்ட முடியாது.

— அப்ப நீங்க வாசல்ல நின்னு சொல்லுங்க. நீங்க அந்தப் பையனோட அம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா, இவ யாரு நம்ம சாமிக்குக் குறுக்கன்னு கேப்பாங்க.

— எப்படிச் சொல்றது? ஆசையா வர்றாங்க. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு வர்றாங்க. லட்டு வாயைத் திறந்து வாங்கிச்சுன்னா பிள்ளை பொழைக்கும்னு நம்பறாங்க. இது யாரு குடுத்தாலும் வாயைத் திறக்கும் டாக்டரம்மா. மூஞ்சியைத் திருப்பவே திருப்பாது. அதைப் பாத்துக்கினு உக்காந்திருப்பேன். அவ்ளோதான் எனக்கு வேலை.

— வாயைத் திறந்து திறந்துதான் இந்த நெலமைக்கு வந்திருக்குது. இன்னைக்கு ஒரே ஒரு ஆள் பாவம் பாத்து வெல்லத்தை நீட்டினா, நாளைக்கு நான் அந்த ஊசியோட வரணும். இதோ, ஆட்டோ சத்தம். ஐஸ் வந்துடுச்சு.

— ஐஸ் மட்டுமில்ல. சங்கரியும் வரா.

— யக்கோவ்! இன்னாக்கா இது, சாமி கோயில்ல வஞ்சிரம் வாசனை வருது? முனிரத்தினண்ணன் ஆட்டோவுல என்னையும் ஏத்திக்கினு வந்துட்டாரு, ஐஸ் பொட்டி மேல உக்காந்து வந்தேன், பின்பக்கம் வெறைச்சுப் போச்சு! பாவு தோய்க்க உக்காந்தவ, ஆடி வெள்ளியாச்சே, உன்னைப் பாத்துட்டு வந்துடலாம்னு அப்படியே எழுந்து பொங்கல் தட்டோட ஓடியாந்துட்டேன். இவங்க யாரு?

— மாட்டு டாக்டர். புதுசு.

— வணக்கம் டாக்டரம்மா! அய்ய, லட்டு ஏன் படுத்துக்கினு இருக்குது? இன்னா ஆச்சு?

— காலு போச்சு, அதான் ஆச்சு. அந்தப் பொட்டியை உடைச்சு இந்த டப்புல கொட்டுங்க. ஜெயப்ரியா, நீங்க தலைப்பக்கம். ஒண்ணு, ரெண்டு, தூக்குங்க! அப்படித்தான். இந்தக் காலை முதல்ல. சின்னக் குதிரைன்னு பேரு, என்னா கனம்! ம், நிக்குது. நிக்கட்டும். பொறுத்துக்கோடி தங்கம்.

— ஐயோ, நடுங்குது பாருக்கா. வாயில்லா ஜீவன். இந்தா, ஒரு வாய் சாப்பிட்டா தெம்பு வரும். வெல்லம் போட்டு, நெய் விட்டு...

— ஏம்மா! அந்தத் தட்டை மூடும்மா!

— இன்னாங்க?

— பொங்கல் கிங்கல் எதுவும் குடுக்கக் கூடாது. இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே என்னைக்குமே. நீங்க எல்லாரும் ஊட்டி ஊட்டித்தான் இது இப்படி நிக்குது.

— ஒரு வாய்தாங்க. எம் பொண்ணு ஜீவிதாவுக்குக் காய்ச்சலு. யக்காதான் நேத்து வாசல்ல பாத்துட்டு, பொங்கலோட வா, ஒரு வாய் ஊட்டுன்னு சொல்லிச்சு.

— ஆட்டோவுல கம்பியைப் புடிச்சுத் தொங்கிக்கினு கெடக்குதே, அதுதான் ஜீவிதாவா? அதுக்கா காய்ச்சல்?

— அது... ராத்திரி அடிக்கும். பகல்ல விட்டுடும்.

— நான் மாட்டு டாக்டர்தான். ஆனா காய்ச்சல் அடிக்கிற புள்ளை எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். தட்டை எடுத்துட்டுப் போங்கம்மா.

— நான் யக்காகிட்ட கேட்டுக்கறேன். நீங்க கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா, உங்க பேச்சை மீறணும்னு இல்ல. யக்கா சொன்னாங்கன்னுதான் கொண்டாந்தேன், யக்கா சொன்னா எடுத்துட்டுப் போறேன். யக்கா, நீ சொல்லு. குடுக்கவா, வேணாமா?

— நில்லுடி லட்டு. காலை எடுக்காத.

— ஜெயப்ரியா, உங்களைத்தான் கேக்கறாங்க.

— லட்டு தட்டையே பாக்குது.

— பாக்கும். அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

— வாயைத் திறக்குது பாருங்க.

— யக்கா, உனக்குக் குடுக்கணும்னா குடுக்கறேங்க்கா. ஓரத்துலேர்ந்து துளியூண்டு. உம் மனசுக்கு.

— சொல்லுங்க ஜெயப்ரியா. ஒரே வார்த்தை. அந்தக் குட்டி பின்னாடி நின்னுக்கினு இருக்குது.

— வேணாம்.

— சத்தமா சொல்லுங்க.

— வேணாம் சங்கரி. மூடிடு.

— சரிக்கா. மூடிட்டேன். யுவன் கேட்டா இன்னா சொல்லுவ? தினம் ஃபோன்ல கேக்கறான்னு சொல்லுவியே, லட்டு சாப்பிட்டுச்சா சாப்பிட்டுச்சான்னு.

— கேக்க மாட்டான்.

— யக்கா.

— கடைசியில அவன் வாயே திறக்கல சங்கரி. இட்லி சாப்பிட்டான்னு சொன்னேனே, அதுக்கப்புறம் மறுபடி காய்ச்சல் வந்துச்சு. ஸ்பூனை வெச்சா மூஞ்சியைத் திருப்பிக்குவான். ஒரு வாய் கண்ணா, ஒரு வாய்டான்னு உக்காந்துக்கினே இருந்தேன். பாட்டில்ல குடுத்தாங்க, மூக்கு வழியா குடுத்தாங்க. வைகாசியில போயிட்டான். அங்கயே எரிச்சிட்டோம். பெங்களூர்ல யாரும் இல்ல. எனக்கு அக்காவே கெடையாது.

— ஜெயப்ரியா... உக்காருங்க. கயித்தை என்கிட்ட குடுங்க.

— நிக்கறேன் டாக்டரம்மா. நான் விட்டா லட்டு சாஞ்சுடும். அன்னைக்கு நேரா இங்கதான் வந்தேன், குதிரையை அவுத்து ஓட்டி விட்டுடலாம்னு. ஒரு பொம்பளை கைப்பிள்ளையோட நின்னு வாழைப்பழம் ஊட்டிக்கினு இருந்தா. உங்க பையன் எப்படிக்கா இருக்கான்னு கேட்டா. நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். லட்டு வாயைத் திறந்து வாங்கிச்சு. அதுக்கப்புறம் வாயைத் திறக்கிறதைப் பாக்கணும் போல இருந்துச்சு. தினமும். அதான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். இவங்களா வரல டாக்டரம்மா. நான்தான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன்.

— பரவால்ல. விடுங்க. அழறதுன்னா அழுங்க.

— அழுகை வரல. சங்கரி, இது யாரையும் காப்பாத்தல. நம்பிக்கையை உடைச்சிட்டேன்னு நீ என்னைத் திட்டிக்கோ. ஊர்ல போய்ச் சொல்லிடு. இனிமே ஒருத்தரும் தட்டோட வரக் கூடாது. வந்தா லட்டு செத்துடும், பூந்தி அம்மா இல்லாம நிக்கும்.

— யாரையும் திட்டலக்கா, யாருக்கும் சொல்லவும் தேவையில்ல, எல்லாருக்கும் அப்பவே தெரியும். மெட்ராஸ்ல யுவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கினு போன வண்டியை ஓட்டினது எங்க பக்கத்து வீட்டு குமரகுரு. மறுநாளே கலைவாணன் அண்ணன் வீடு வீடா வந்து, எம் பொண்டாட்டி எது சொன்னாலும் ஆமான்னு சொல்லிடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. என் பொண்ணுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. யுவன் கேட்டான், ஒரு வாய் ஊட்டிட்டுப் போன்னு நீ வாசல்ல நின்னு கூப்பிடும்போது, மாட்டேன்னு சொல்ல ஊர்ல ஒருத்தருக்கும் வாய் வரலக்கா.